ராத்திரிக்கு எத்தனை பேர்?

பெரியம்மாவுக்குக் கடைசியாகக் கட்டிவிடச் சேலை தேடித்தான் அந்த டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். நூல் சேலைகளுக்கு நடுவே ஒரு நாற்பது பக்க நோட்டு கிடந்தது. அடிக்கோல் வைத்து மூன்று கட்டம் போட்டிருந்தார். தேதி. மணி அடித்த நேரம். ஆள் வந்த நேரம். முப்பத்து நாலு வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவர். எண்பத்தோரு வயதிலும் எழுத்து கோட்டைவிட்டு இறங்கவில்லை.

ஜூலை 9. அடித்தது 1.50. வந்தது 2.35.

ஜூலை 11. அடித்தது 2.10. வரவில்லை.

ஜூலை 12. அடித்தது 12.40, 1.15, 1.30. வரவில்லை.

இப்படி 53 ராத்திரிகள். ஆகஸ்டு பாதிக்குமேல் 'வரவில்லை' என்று எழுதுவதையும் விட்டுவிட்டார். மூன்றாவது கட்டத்தில் வெறும் பூஜ்யம். வாசலில் ஆட்கள் நிற்கிறார்கள், ஐயர் நேரமாகிறது என்கிறார், நான் தரையில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருக்கிறேன். 29 ராத்திரி மணி அடித்து யாருமே வரவில்லை.

பெரியம்மா இருந்த அந்த முதியோர் இல்லத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தவள் நான். நாலு பேர் சொன்னதைக் கேட்டு அவசரத்தில் கொண்டுபோய் விடவில்லை. கோயம்புத்தூரைச் சுற்றி ஐந்து இல்லங்களை ஏறி இறங்கிப் பார்த்தேன். இதை மட்டும் மூன்று முறை பார்த்தேன். கையில் கேள்விகள் எழுதிய தாள் வைத்திருந்தேன். நாற்பத்திரண்டு கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் பதில் வாங்கி டிக் போட்டேன்.

என்னைப் பெற்றவள் எனக்கு ஏழு வயதில் போய்விட்டாள். கோபிச்செட்டிபாளையத்தில் பெரியம்மாவிடம் வளர்ந்தேன். பெரியப்பா முன்னமே தவறியிருந்தார், அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. பள்ளிக்கூடத்தில் எனக்கு அவர் டீச்சர், வீட்டில் அம்மா. காய்ச்சல் வந்தால் ராத்திரி முழுக்க என் நெற்றியில் ஈரத்துணி மாற்றியபடி பரீட்சைத் தாள் திருத்துவார். நான் முனகுவதற்கு முன்னால் கை நெற்றிக்கு வந்திருக்கும். அந்தக் கைக்கு நான் ஏற்பாடு செய்து கொடுத்த ராத்திரிகள்தான் இந்த 53.

2022இல் திண்ணைப் படியில் தடுக்கி விழுந்து கணுக்கால் பிசகியது. அதற்குமேல் கோபியில் தனியாக வைக்க முடியவில்லை. சென்னையில் என் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது, நானும் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள். அவரே சொன்னார்: "உன்ற வீட்டுப் படி எனக்கு ஆகாது கண்ணு. பென்ஷன் வருதில்ல, நல்ல எடமாப் பாரு, இருந்துக்கறேன்." முதியோர் இல்லத்தில் தள்ளிவிட்டாள் என்று உறவில் பேசினார்கள். அந்தப் பேச்சுக்குப் பதில் சொல்வதற்காகவே மிக நல்ல இடமாகப் பார்த்தேன் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன். ஐந்து லட்சம் டெபாசிட், மாதம் 42,000 ரூபாய்.

எனக்கு என்னவெல்லாம் காட்டினார்கள்! வழுக்காத டைல்ஸ். சக்கர நாற்காலி ஏறும் சரிவுப் பாதை. குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி. பிள்ளையார் கோயில், அரளிச் செடிகள், எட்டுப் போட்டு நடக்க ஒரு பாதை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று, சிறுவாணித் தண்ணீர் என்று அச்சடித்த வழவழப்பான புத்தகம். மத்தியானம் அரிசியும் பருப்பும் சோறு, மேலே நெய் விட்டு எங்களையும் சாப்பிடச் சொன்னார்கள். பெரியம்மா இரண்டாவது முறை வாங்கிச் சாப்பிட்டார். அதைப் பார்த்தபோதே முக்கால்வாசி முடிவு செய்துவிட்டேன். மேனேஜர் எங்களைக் குளியலறைக்குள் அழைத்துப் போய், தரைவரை தொங்கிய ஒரு சிவப்புக் கயிற்றைக் காட்டினார். தவறி விழுந்தால் படுத்தபடியே இழுக்கலாம் என்றார். நானே பெரியம்மாவின் கையைப் பிடித்து அந்தக் கயிற்றில் வைத்தேன். "இதை இழுத்தாப் போதும் பெரியம்மா, ஓடி வந்துடுவாங்க" என்றேன்.

தாளில் பதினேழாவது கேள்வி: இரவில் ஆள் இருப்பார்களா? "இருபத்து நாலு மணி நேரமும் ஆள் இருப்பாங்க மேடம்." டிக்.

எத்தனை பேருக்கு எத்தனை ஆள் என்று நான் கேட்கவில்லை. அவர்களும் சொல்லவில்லை. நான் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் ஆங்கிலத்தில் 31 பக்கம். துணி துவைக்கும் நாள் இருக்கிறது. செல்லப்பிராணிகள் பற்றி ஒரு பத்தி இருக்கிறது. கார் எங்கே நிறுத்த வேண்டும் என்று வரைபடமே இருக்கிறது. ராத்திரி எத்தனை பேர் விழித்திருப்பார்கள் என்பது மட்டும் எந்தப் பக்கத்திலும் இல்லை. அந்த மனிதர்கள் எனக்குக் காட்டியது முழுவதும் பணம் கட்டுகிறவளின் கண்ணுக்காகக் கட்டப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குக் காரில் வந்து இறங்குகிறவளுக்காக. அங்கே வாழப்போகிறவரின் ராத்திரி இரண்டு மணியை யாரும் யாருக்கும் காட்டுவதில்லை.

2023 ஜனவரியில், தை பிறந்த மறுவாரம், சேர்த்தேன். ஐந்து மாதம் நன்றாகத்தான் போனது, அல்லது அப்படித் தெரிந்தது. ஞாயிறு சாயங்காலம் வீடியோவில் பேசுவார். போனைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் அங்கே வேலை செய்யும் ஒரு பெண் நிற்பாள். "நல்லா இருக்கறேன் கண்ணு." யார் போனைப் பிடித்திருக்கிறார்களோ அவர்களைப் பற்றி யார் குறை சொல்வார்கள்? ஒரே ஒரு முறை சொன்னார்: "ராத்திரி மட்டும் ரொம்ப நீளமா இருக்குது." தூக்கம் வரவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். டாக்டரிடம் கேட்டு ஒரு தூக்க மாத்திரை கொடுக்கச் சொன்னேன். கொடுத்தார்கள். வயதானவர்களுக்குத் தூக்க மாத்திரை கொடுத்தால் தடுமாறி விழும் ஆபத்து கூடும் என்பது மருத்துவர்களுக்கெல்லாம் தெரிந்த விஷயம். எனக்குத் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஜூலை மாத பில்லில் புதிதாக ஒரு வரி வந்தது. டயப்பர், 3 பாக்கெட். பார்த்தேன், ஜிபேயில் பணத்தைப் போட்டேன். வாக்கரைப் பிடித்துத் தானே பாத்ரூம் போய்வரும் ஒரு மனுஷிக்கு எதற்கு டயப்பர் என்று நான் ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள்: "பாட்டி ராத்திரி ரெண்டு தடவை மணி அடிக்கிறாங்க மேடம், அவங்க சேஃப்டிக்காகத்தான்." பிறகு இதே வார்த்தைகளைத்தான் சொன்னார்கள்.

சேஃப்டி! எழுந்து போகத் தெரிந்தவரை, அடக்கிக்கொள்ள முடிந்தவரை, படுத்த இடத்திலேயே போகச் சொல்வதற்கு இப்படி ஒரு பெயர். எண்பத்தோரு வயதில், ஊரே 'டீச்சரம்மா' என்று எழுந்து நின்ற ஒரு பெண்ணிடம், இருபது வயதுப் பெண் ஒருத்தி, "டயப்பர்லயே போங்க பாட்டி, எழுப்பாதீங்க" என்று சொல்ல வேண்டியிருக்கிறது. சொன்னவள் கெட்டவள் இல்லை. அவளைப் பற்றியும் சொல்கிறேன். ஆனால் பெரியம்மா அதற்கு இணங்கவில்லை. நோட்டில் ஒரே ஓர் இடத்தில்தான் எண்களுக்கு நடுவே வார்த்தைகள் எழுதியிருக்கிறார். 'என்னால் முடிகிறவரை நான் நடந்துதான் போவேன்.' அவர் விழுந்ததற்குக் காரணம் இந்த ஒரு வரிதான். மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள எழுந்ததால் விழுந்தார்.

செப்டம்பர் 14. காலை 6.20க்குப் போன். "லேசா வழுக்கிட்டாங்க மேடம், பயப்பட ஒண்ணுமில்ல." கோவை போய்ச் சேர்ந்தபோது எக்ஸ்ரே எடுத்திருந்தார்கள். இடது தொடை எலும்பு, இடுப்பில் சேரும் கழுத்தில் முறிந்திருந்தது. ஆஸ்பத்திரி டாக்டர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "விழுந்து எவ்வளவு நேரம் கழிச்சுப் பார்த்தாங்க?" உடம்பு சில்லிட்டிருந்தது, நாக்கு உலர்ந்திருந்தது, ஒரு பக்கத் தோளும் கன்னமும் டைல்ஸின் கோடு பதிந்து சிவந்திருந்தன. இல்லத்தில் எழுதிக் கொடுத்த தாளில் 'உடனடியாகக் கவனிக்கப்பட்டது' என்று இருந்தது. காபி கொடுக்கப் போன பெண்தான் 5.45க்குப் பார்த்தாள் என்று பிறகு தெரிந்தது. நோட்டில் அந்த ராத்திரி: அடித்தது 2.05, 2.20, 2.40. மூன்றாவது கட்டத்தில் பூஜ்யம்கூட இல்லை. எழுதத் திரும்பி வரவில்லை.

அந்தச் சிவப்புக் கயிறு? தரை துடைக்கும்போது நனைகிறது என்று முடிச்சுப்போட்டு மேலே கம்பியில் சுருட்டி வைத்திருந்தார்கள். நின்றுகொண்டிருந்தால் மட்டுமே எட்டும் உயரத்தில்.

ஆபரேஷன் முடிந்து மறுபடியும் அங்கேதான் கொண்டுபோனேன். திட்டுங்கள், தாங்கிக்கொள்கிறேன். மூன்று மாடி ஏற்ற முடியாது, பிசியோதெரபி அங்கேயே இருக்கிறது, கட்டிய பணமும் அங்கேதான் இருந்தது. மாதம் 18,000 கூடுதலாகக் கேட்டார்கள், கொடுத்தேன். அப்போதுதான் முதல் முறையாக ஒரு ராத்திரி அங்கே தங்கினேன். சாதாரணமாகப் பார்வையாளர் நேரம் காலை 10 முதல் 12, மாலை 4 முதல் 6. இருட்டிய பிறகு யாரும் உள்ளே இருக்கக் கூடாது என்ற விதியின் அர்த்தம் அன்று புரிந்தது.

மூன்று மாடி, 64 பேர். ராத்திரி எட்டிலிருந்து காலை எட்டு வரை மூன்றே பெண்கள், மாடிக்கு ஒருத்தி. நர்ஸ் பக்கத்துக் கட்டடத்தில், கூப்பிட்டால் வருவார். பெரியம்மாவின் மாடியில் 26 பேர். அதில் நினைவு தப்பியவர்கள் இருந்தார்கள், பக்கவாதம் வந்தவர்கள் இருந்தார்கள், விடிய விடியக் கதவைத் தட்டுகிறவர் ஒருவர் இருந்தார். அந்த மாடிக்கு இருந்த ஒரே பெண், நான் முன்பு சொன்னவள், ஜார்க்கண்டிலிருந்து வந்தவள். ஒரு மணி முதல் மூன்று மணிக்குள் ஒன்பது முறை மணிச் சத்தம் கேட்டேன். ஒரு அறையில் ஒரு தாத்தாவைத் தூக்கி உட்கார வைத்துக்கொண்டிருந்தாள், அதே நேரத்தில் எதிர்ப்பக்கம் இரண்டு மணிகள் அடித்தன. ஓடி வந்தாள், நடுவழியில் நின்றாள், எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் அழுதுவிட்டாள். கொஞ்சம் தமிழ் பழகியிருந்தாள். "அக்கா, நான் ஒரே ஆளு." அவ்வளவுதான் சொன்னாள். அந்த 29 பூஜ்யங்களை நான் அவள் கணக்கில் எழுத மாட்டேன். நாலு ஆள் போட வேண்டிய இடத்தில் ஒரு ஆளைப் போட்டு, மீதிச் சம்பளத்தை லாபத்தில் எழுதியவர்கள் ராத்திரி இரண்டு மணிக்கு வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

படுக்கையில் இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இல்லாவிட்டால் எலும்பு மேடான இடங்களில் ரத்த ஓட்டம் தடைபட்டுத் தோல் சாகும். சர்க்கரை உள்ளவர்களுக்கு இன்னும் சீக்கிரம். கட்டிலின் காலடியில் ஒரு அட்டை தொங்கியது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டியதற்கான டிக் எல்லாம் வரிசையாக இருந்தன. ஒரே பேனா, ஒரே சாய்வு. நவம்பர் 6ஆம் தேதி சாயங்காலம் நான் பார்த்தபோது 7ஆம் தேதி காலைக்கான டிக்கும் விழுந்திருந்தது. சேலையை விலக்கிப் பார்த்தேன். முதுகின் அடியில், உள்ளங்கை அகலத்துக்கு. நான் பார்த்ததை எழுத மாட்டேன். பெரியம்மா சுவரைப் பார்த்தபடி, "நாத்தம் அடிக்குதா கண்ணு?" என்று கேட்டார்.

புண் வந்ததும் கடிதமும் வந்தது. ஒப்பந்தத்தின் 19ஆம் பிரிவின்படி, முழுநேரப் படுக்கை நோயாளிகளை வைத்துக்கொள்ளும் வசதி தங்களிடம் இல்லை, 15 நாளில் உறவினர் அழைத்துச் செல்ல வேண்டும். நடந்து வந்தவர். அவர்கள் கையில் இருக்கும்போது படுக்கையில் விழுந்தவர். படுக்கையில் விழுந்தவர்களை வைத்துக்கொள்ள மாட்டார்களாம். ஆம்புலன்ஸில் சென்னைக்கு அழைத்து வந்து, நாலு பேர் நாற்காலியில் வைத்து மூன்று மாடி தூக்கி ஏற்றினோம். ஏற்ற முடியாது என்று நான் நினைத்த அதே மாடி. 2024 ஜனவரி கடைசியில், புண்ணிலிருந்து கிருமி ரத்தத்தில் கலந்து, ஆஸ்பத்திரியில் போனார்.

மார்ச்சில் டெபாசிட் கணக்கு வந்தது. ஐந்து லட்சத்தில் கழிவுகள். நோட்டீஸ் காலக் கட்டணம். சுவருக்கு வெள்ளை அடித்தது. 'மெத்தை, கறை, 6,500 ரூபாய்.' அந்தக் கறை எதனுடையது என்று தெரிந்தும் ஒரு கை அதை டைப் அடித்திருக்கிறது.

நோட்டை எடுத்துக்கொண்டு போனேன். மேனேஜர் இரண்டு பக்கம் புரட்டினார். "பாட்டிக்கு வயசு மேடம். மறதி இருக்கும். இதையெல்லாம் ஆதாரமா எடுத்துக்க முடியாது" என்றார். மறதியாம்! இறப்பதற்கு நாலு நாள் முன்னால் என் மகனுக்குப் பத்தொன்பதாம் வாய்ப்பாட்டைத் தலைகீழாகச் சொன்னவருக்கு. அவர்களுடைய மணிக்கு எப்போது அடித்தது, எப்போது ஆள் போனது என்று பதியும் வசதியே கிடையாது. அந்தக் கட்டடம் முழுவதிலும் ராத்திரியைப் பதிவு செய்த ஒரே ஆவணம் அந்த நாற்பது பக்க நோட்டு. எழுதியவருக்கு வயதாகிவிட்டதால் அது செல்லாது.

சட்டத்தைத் தேடிப் போனேன். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007. நல்ல சட்டம்தான். சொத்தை எழுதி வாங்கிக்கொண்டு பிள்ளைகள் கவனிக்காவிட்டால், கவனிப்பேன் என்ற நிபந்தனையோடு எழுதியிருந்தால், அந்தப் பத்திரத்தையே ரத்து செய்யலாம். பொறுப்பில் வைத்திருப்பவர் முதியவரை முற்றிலும் கைவிடும் நோக்கத்தோடு எங்காவது விட்டுப்போனால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மூன்று மணி நேரம் குளியலறைத் தரையில் விட்டுவைத்ததை 'முற்றிலும் கைவிடுதல்' என்று யார் ஒப்புக்கொள்வார்கள்? மாவட்டத்துக்கு ஒன்றாவது என்று தொடங்கி அரசு அமைக்கலாம், 150 பேராவது தங்க வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்லும் இல்லங்கள் வழியில்லாதவர்களுக்கானவை. பென்ஷன் வாங்கிப் பணம் கட்டித் தங்கும் டீச்சருக்கானவை இல்லை. தனியார் இல்லங்களும் பதிவு செய்ய வேண்டும், குறைந்தபட்சத் தரம் வேண்டும் என்று 2019 டிசம்பரில் ஒரு திருத்த மசோதா மக்களவைக்கு வந்தது. அந்த மக்களவையின் காலம் முடிந்தபோது அதுவும் காலாவதியானது. அதே 2019 மார்ச்சில் மத்திய வீட்டுவசதி அமைச்சகம் ஓய்வுக்கால இல்லங்களுக்கு மாதிரி வழிகாட்டுதல் வெளியிட்டது. வழுக்காத தரை, சரிவுப் பாதை, இடையறாத தண்ணீர், மின்சாரம் எல்லாம் பேசுகிறது. வழிகாட்டுதல்தான். மாநிலங்கள் எடுத்துக்கொண்டால் உண்டு.

ஓர் அலுவலகத்தில் மேசைக்குப் பின்னால் இருந்தவர் கேட்டார்: "அவங்களுக்கு நீங்க என்ன வேணும்?" தங்கை மகள் என்றேன். "அப்ப வாரிசுச் சான்று இருக்கா?" இல்லாவிட்டால் நான் யாரோ. பணம் கட்டும்போது, கையெழுத்துப் போடும்போது, 15 நாளில் அழைத்துப் போகச் சொல்லும்போது மட்டும் நான் உறவு. இப்போது மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டிருக்கிறேன். எவ்வளவு கிடைக்கும் என்று கேட்கிறார்கள். அந்த நோட்டை ஒரு நீதிபதி கையில் எடுத்துப் படிக்க வேண்டும். எனக்கு அது போதும்.

2021இல் தமிழ்நாட்டில் அறுபது வயதைத் தாண்டியவர்கள் நூற்றுக்கு 13.6 பேர். கேரளத்துக்கு அடுத்தபடி நாம்தான். பிள்ளைகள் வெளியூரில், வெளிநாட்டில். இன்னும் எத்தனையோ பெரியம்மாக்கள் இந்த இல்லங்களுக்குப் போகப்போகிறார்கள். போவது தவறென்று நான் சொல்லவில்லை. எல்லா இல்லமும் இப்படி என்றும் சொல்லவில்லை.

அந்த இல்லத்து லிஃப்டுக்குள் ஒரு தகடு இருந்தது. '6 நபர்கள், 408 கிலோ.' ஏழாவது ஆள் ஏறினால் கூவும், நகராது. நம்முடைய பேருந்தில்கூட இத்தனை பேர் உட்காரலாம், இத்தனை பேர் நிற்கலாம் என்று எழுதி வைத்திருக்கிறோம். அதேபோல் ஒவ்வொரு முதியோர் இல்லத்தின் வாசலிலும், பிள்ளையார் கோயிலுக்குப் பக்கத்திலேயே, தமிழில் ஒரு பலகை வைக்க அரசு உத்தரவிட வேண்டும். இந்த இல்லத்தில் இத்தனை முதியவர்கள், ராத்திரி பத்து மணிக்குமேல் விழித்திருப்பவர்கள் இத்தனை பேர். மணி அடித்த நேரமும் ஆள் போன நேரமும் பதிவாக வேண்டும். முதியவர் கேட்டாலும் உறவினர் கேட்டாலும் அதைக் காட்ட வேண்டும். பெரியம்மா அடிக்கோல் வைத்துப் போட்ட அந்த மூன்று கட்டம் போதும், இதற்குமேல் ஒரு கமிட்டி வேண்டாம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை உங்கள் அம்மாவுக்கோ அத்தைக்கோ மாமாவுக்கோ இடம் பார்க்கப் போகிறவர்களே, தோட்டத்தை அப்புறம் பாருங்கள். பணம் கட்டிச் சில நாள் தங்கிப் பார்க்கப் பல இல்லங்களில் அறை தருகிறார்கள், அங்கே ஒரு ராத்திரி படுங்கள். கயிறு தரையைத் தொடுகிறதா என்று பாருங்கள். இரண்டு மணிக்கு எழுந்து மணியை அடியுங்கள். கையில் கடிகாரம் இருக்கட்டும்.